பழைய மின் டிராக்டர்: பெயர்ப்பலகையை விட்டுவிட்டு உள்ளே பாருங்கள்

கேள்வி: நியூயார்க் மாநிலத்தில் இருக்கிறேன். ஒரு ஏக்கர் புல்தரை. பக்கத்து ஊர்களில் உட்கார்ந்து ஓட்டும் பழைய மின்சாரப் புல்வெட்டி டிராக்டர்கள் இரண்டு விலைக்கு வந்திருக்கின்றன. ஒன்று ஜெனரல் எலெக்ட்ரிக்கின் எலெக்-டிராக் ஈ20, இன்னொன்று வீல் ஹார்ஸ் பெயரில் உள்ளது. எதை வாங்கலாம்?

பதில்: இரண்டும் ஒரே குடும்பம்தான். 1969-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் இந்த வரிசையைத் தொடங்கியது. 1970களின் நடுவில் அது வீல் ஹார்ஸ் என்ற டிராக்டர் நிறுவனத்தின் கைக்குப் போனது. அதனால் பெயரைப் பார்த்து விலை பேசாதீர்கள்.

முதலில் ஓட்டும் மோட்டாரின் கட்டுப்பாட்டைப் பாருங்கள். ஈ20 போன்ற பெரிய மாடல்களில் மின்தடைகள் வழியாக வண்டி மெதுவாகக் கிளம்பும். கான்டாக்டர்கள், அதாவது பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மின்காந்த சுவிட்சுகள், ஒவ்வொன்றாக மூடி அந்தத் தடைகளை விலக்கும். அதற்கு மேல் வேகம் வேண்டுமென்றால் மோட்டாருக்குள் காந்தப்புலம் உண்டாக்கும் ஃபீல்டு சுருளுக்குப் போகும் மின்னோட்டத்தைக் குறைப்பார்கள். ஃபீல்டு பலவீனமானால் வேகம் கூடும், இழுவை குறையும். மேட்டில் ஏறும்போது வேகத்தைக் குறைத்து ஓட்டச் சொல்வது இதனால்தான். ஃபீல்டு சுற்று அறுந்துபோனால் இந்த வகை மோட்டார், முக்கியமாகச் சுமை இல்லாதபோது, கட்டுக்கடங்காத வேகத்தில் சுற்றக்கூடும். அதனால் பின்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, ஃபீல்டு இணைப்புகளைச் சோதித்த பிறகே ஓட்டிப் பாருங்கள்.

விற்பவர் கான்டாக்டருக்குப் பதிலாகச் சாதாரண வீட்டு சுவிட்ச் எதையாவது மாட்டியிருந்தால் அதைக் கழற்றிப் போடுங்கள். வண்டியில் இருப்பது 36 வோல்ட்தானே என்று தோன்றும். ஆனால் நேர்மின்னோட்டத்தின் தீப்பொறி லேசில் அணையாது.

வெட்டும் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. பெட்ரோல் டிராக்டரில் ஒரே எஞ்சின், பெல்ட், கப்பி என்று எல்லாத் தகடுகளையும் சுற்றவைக்கும். இங்கே ஒவ்வொரு தகட்டுக்கும் தனி மோட்டார். 42 அங்குல டெக்கில், அதாவது தகடுகள் இருக்கும் கூட்டில், மூன்று. ஒன்று மட்டும் சூடானாலோ சத்தம் போட்டாலோ அதை மட்டும் பிரித்துப் பார்க்கலாம். சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், அல்லது உள்ளே ஒட்டிய காந்தம் கழன்றிருக்கும்.

துணைக்கருவிகளுக்கு 36 வோல்ட் பிளக் உண்டு. சங்கிலி ரம்பம், வெல்டிங் கருவிகூட அந்தக் காலத்தில் விற்றார்கள்!

சரி, பேட்டரி. கோல்ஃப் வண்டியில் போடும் 6 வோல்ட் ஈய அமிலப் பேட்டரி ஆறு வேண்டும். ஒன்று சுமார் 28 கிலோ, ஆக மொத்தம் 170 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. செலவில் பெரும்பகுதி இதுதான். விற்பவரின் பேட்டரி செத்துக் கிடந்தால் அதை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். அமிலம் வழிந்து பேட்டரி வைக்கும் தட்டு அரித்திருக்கிறதா என்று அடியில் குனிந்து பாருங்கள்.

லித்தியத்துக்கு மாறலாமா என்றும் யோசிப்பீர்கள். மாறலாம், ஆனால் அந்தக் கனம்தான் டயருக்குப் பிடிமானம் தருகிறது. அது போனால் எடைக்கட்டி சேர்க்க வேண்டிவரும். வண்டியோடு வந்த டைமர் வைத்த பழைய சார்ஜரை லித்தியத்தில் மட்டும் இணைக்காதீர்கள், அது ஈயத்துக்காகச் செய்தது.

இரண்டில், வயரிங் கைபடாமல் இருக்கும் வண்டியை எடுங்கள். பெயின்ட் போயிருந்தாலும் பரவாயில்லை.