விடுமுறை நெருங்கினால் நெஞ்சு பதறுகிறது: வாசகர் கேள்விகளும் மனநல மருத்துவரின் பதில்களும்

ஆண்டின் பெரிய விடுமுறைக் காலம் நெருங்க நெருங்க, இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் ஒரே கவலை பல குரல்களில் ஒலிக்கிறது. எல்லோரும் மகிழ்ந்திருக்கும் நாட்களில் தமக்கு மட்டும் படபடப்பு ஏன் என்று கேட்கிறார்கள். அவற்றுள் சிலவற்றை, எழுதியவர்களின் அடையாளம் தெரியாதபடி சுருக்கி, இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 34 வயதாகிறது, திருமணமாகவில்லை. விடுமுறையில் உறவினர்கள் எல்லோரும் ஒரே வீட்டில் கூடுவோம். கூடும் நாளுக்கு மூன்று வாரங்களுக்கு முன்பிருந்தே எனக்கு வயிற்றைப் பிசையத் தொடங்கிவிடுகிறது. யார் என்ன கேட்பார்கள், நான் என்ன பதில் சொல்வது என்று விடியும்வரை மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறேன். முன்பெல்லாம் போனால், கூடத்தில் உட்காராமல் சமையலறையில் பாத்திரம் கழுவியபடியே பொழுதைக் கழித்துவிட்டு வருவேன். சென்ற ஆண்டு காய்ச்சல் என்று பொய் சொல்லிப் போகாமலே இருந்துவிட்டேன். அன்றைக்கு மிகவும் நிம்மதியாக இருந்தது. ஆனால் இந்த ஆண்டு பயம் முன்னைவிட அதிகமாகியிருக்கிறது. இந்தப் பதற்றத்தை முழுவதுமாகப் போக்கிக்கொண்டு போய்வர வழி சொல்லுங்கள், டாக்டர்.

பதில்: போகாமல் இருந்த அன்று நிம்மதியாக இருந்தது என்றும், இந்த ஆண்டு பயம் அதிகமாகிவிட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இவை இரண்டு வெவ்வேறு செய்திகள் அல்ல. முதலாவதுதான் இரண்டாவதற்குக் காரணம். பயந்த ஒன்றை விட்டு விலகும்போது கிடைக்கும் நிம்மதியே அந்த விலகலுக்குப் பரிசாக அமைந்து, பயத்தை அழியவிடாமல் காக்கிறது என்பதை 1940களிலேயே அமெரிக்க உளவியலாளர் ஹோபார்ட் மௌரர் விளக்கினார். நீங்கள் வீட்டிலேயே தங்கிய அன்று, ‘போயிருந்தால் தாங்கியிருக்க முடியாது, போகாததால் பிழைத்தோம்’ என்று உங்கள் மூளை குறித்துக்கொண்டது. அந்தக் கணக்கைப் பொய்யாக்கும் அனுபவம் எதுவும் அதற்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் ஒரு வருடம் கழித்து அதே அழைப்பு வந்தபோது அது முன்னைவிட உரக்க எச்சரிக்கிறது.

சமையலறைக்குள் நின்றதும் இதே வகையைச் சேர்ந்ததுதான். உடலால் போயிருந்தீர்கள், ஆனால் முதுகைக் காட்டியபடி, கை ஈரமாக, யாரும் நிதானமாகப் பேச்சுக் கொடுக்க முடியாத ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டீர்கள். உளவியலாளர்கள் டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் ஆகிய இருவரும் 1995இல் பிறரோடு பழகுவதில் ஏற்படும் பதற்றத்தை ஆராய்ந்து எழுதியபோது, இத்தகைய தற்காப்புச் செயல்களுக்கு முக்கிய இடம் கொடுத்தார்கள். கைபேசியைத் துழாவிக்கொண்டே இருப்பது, பேசுவதற்கு முன் ஒவ்வொரு வாக்கியத்தையும் மனத்துக்குள் சரிபார்ப்பது, குழந்தைகளைக் கவனிப்பதாகச் சொல்லி எழுந்து போவது எல்லாமே இதில் அடங்கும். அன்று எதுவும் விபரீதமாக நடக்கவில்லை என்றாலும், பாத்திரங்களால்தான் தப்பித்தேன் என்றே மனம் நினைத்துக்கொள்கிறது. உங்களுக்குச் சேர வேண்டிய பெருமை பாத்திரங்களுக்குப் போய்விடுகிறது.

ஆகவே, பதற்றத்தை முழுவதுமாகப் போக்கிக்கொண்ட பிறகு போவது என்ற உங்கள் திட்டத்தைக் கைவிடச் சொல்கிறேன். அந்த வரிசையில் அது நடப்பதில்லை. பதற்றத்தோடு போக வேண்டும். போன இடத்தில் அது ஏறி, சிறிது நேரம் நின்று, தானாக இறங்குவதை உடம்பு அறிய வேண்டும். இதை ஒரேயடியாகச் செய்ய வேண்டியதில்லை. இந்த ஆண்டு இரண்டு மணி நேரம் மட்டும் இருப்பதாக முன்கூட்டியே முடிவு செய்து, எப்போது வருவீர்கள், எப்போது கிளம்புவீர்கள் என்பதை வீட்டுக்காரர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பயம் அதிகரித்த நொடியில் எழுந்து ஓடுவதும், முன்பே சொன்ன நேரத்துக்கு விடைபெறுவதும் மனத்துக்குக் கற்றுத்தரும் பாடங்கள் வேறு வேறு. அந்த இரண்டு மணி நேரத்தில் இருபது நிமிடமாவது கையில் வேலை எதுவும் இல்லாமல், உங்களுக்குப் பிடித்த ஓர் உறவினர் அருகில், கூடத்தில் உட்காருங்கள். பாத்திரம் கழுவ விரும்பினால் அதற்குப் பிறகு தாராளமாகக் கழுவலாம்.

திருமணம் பற்றிய கேள்வி வரத்தான் செய்யும். அதற்குப் பத்துப் பதில்களை ஒத்திகை பார்ப்பதைவிட, ஒரே பதிலை முடிவு செய்துகொண்டு யார் கேட்டாலும் அதையே சொல்வது நல்லது. “அமையும்போது நானே முதலில் உங்களுக்குச் சொல்கிறேன், பெரியம்மா. முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?” என்ற அளவில் போதும். மறுபடியும் கேட்டால் மறுபடியும் அதே வாக்கியம். விளக்கமோ நியாயமோ சேர்க்க வேண்டாம். விளக்கம் சொல்லத் தொடங்கினால்தான் பேச்சு விசாரணையாக மாறும்.

இரவு ஒத்திகைக்கு ஒரு வழி இருக்கிறது. உளவியலாளர் தாமஸ் போர்கோவெக்கும் அவருடைய சகாக்களும் 1983இல் வெளியிட்ட ஆய்வில், கவலைப்படுவதற்கென்றே தினமும் ஒரே இடத்தில், ஒரே வேளையில், அரை மணி நேரத்தை ஒதுக்கிவைக்கும் முறையைச் சோதித்தார்கள். மற்ற வேளைகளில் எழும் கவலையை ஒரு தாளில் ஒரு வரியாகக் குறித்து, அந்த அரை மணிக்கு ஒத்திவைக்க வேண்டும். கவலைப்படாதே என்று மனத்துக்கு உத்தரவிட்டால் அது கேட்காது. பிறகு பார்க்கலாம் என்றால் பெரும்பாலும் கேட்கும். அந்த வேளை படுக்கப்போகும் நேரமாக இருக்க வேண்டாம், படுக்கையறையிலும் வேண்டாம். நீங்கள் குறித்த வரிகளை எறிந்துவிடாதீர்கள். என்னவெல்லாம் நடந்துவிடும் என்று அஞ்சினீர்களோ, போய்வந்த மறுநாள் அதை நடந்தவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நான் சிகிச்சையில் மிகவும் மதிக்கும் பயிற்சி இது. ஏனெனில் இங்கே ஆறுதல் சொல்பவர் மருத்துவர் அல்ல, உங்கள் கையெழுத்தேதான்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தக் கூட்டத்தில் உங்களை இழிவுபடுத்தியவரோ, தகாத முறையில் நடந்துகொண்டவரோ இருந்தால், மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. உண்மையான தீங்கிலிருந்து விலகி நிற்பது உங்கள் உரிமை; அதற்குக் காய்ச்சல் என்ற காரணம்கூடத் தேவையில்லை.

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். தேர்வு நாட்களில்கூட ஓரளவு நன்றாக இருந்தேன். விடுமுறை தொடங்கி வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளிலிருந்து காரணமே இல்லாமல் படபடப்பு. ஓய்வு கிடைக்கும்போதா இப்படி வரும்?

பதில்: வரும், பலருக்கு வருகிறது. தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரு மனநல மருத்துவர்கள் 1967இல் வாழ்க்கை நிகழ்வுகள் 43ஐ எடுத்து, ஒவ்வொன்றும் மனிதரிடம் எவ்வளவு மாற்றத்தைக் கோருகிறது என்று மதிப்பெண் இட்டார்கள். வாழ்க்கைத் துணையின் மரணத்துக்கு 100 என்று வைத்த அந்தப் பட்டியலில் விடுமுறைக்கும் 13 மதிப்பெண் உண்டு. குடும்பத்தார் கூடும் வழக்கத்தில் ஏற்படும் மாற்றத்துக்கு 15 உண்டு. மகிழ்ச்சியானதாக இருந்தாலும், மாற்றம் என்றால் உடம்பு அதற்கு ஈடுகொடுத்தாக வேண்டும்.

உங்கள் விஷயத்தில் முதலில் தூக்கத்தைப் பார்க்கச் சொல்வேன். தேர்வு முடிந்த கையோடு பின்னிரவு வரை விழித்திருந்து, நண்பகலில் எழுந்து, சோர்வு தீர இரண்டு மூன்று முறை காபி குடிக்கிறீர்கள் என்றே ஊகிக்கிறேன். குடித்த காஃபினில் பாதி உடலை விட்டு நீங்கவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். மாலையில் குடித்தது நள்ளிரவிலும் இதயத்தை விரட்டிக்கொண்டிருக்கும். காரணம் தெரியாத மனம் அந்தத் துடிப்புக்கு ஒரு கவலையைத் தேடிப் பிடிக்கும். எப்போது படுத்தாலும் எழும் நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். நண்பகலுக்குப் பிறகு காபி வேண்டாம். பகல் வெளிச்சத்தில் அரை மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். இரண்டு வாரம் இப்படி இருந்தும் படபடப்பு குறையவில்லை என்றால் மருத்துவரைப் பார்த்து, தைராய்டு மிகையாகச் சுரக்கிறதா, இரத்தசோகை இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். இரண்டுமே பதற்றம் போலவே தோற்றம் காட்டக்கூடியவை.

கேள்வி: விடுமுறைக் கூட்ட நெரிசலில் திடீரென்று மூச்சு முட்டி, விரல்கள் மரத்து, செத்துவிடுவேன் என்று தோன்றிவிட்டது. பரிசோதனையில் இதயத்தில் குறை எதுவும் இல்லை என்றார்கள். பேனிக் அட்டாக் என்று பெயர் சொன்னார்கள். மறுபடியும் வந்தால் என்ன செய்வது?

பதில்: இதயத்தைப் பரிசோதித்துக்கொண்டது சரியான செயல். முதன்முறையாக வரும் நெஞ்சு வலியை, அதிலும் கைக்கோ தாடைக்கோ பரவும் வலியை, பதற்றம் என்று யாரும் தாமாகவே தீர்மானித்துவிடக் கூடாது.

இனி உங்கள் விரல்கள் ஏன் மரத்தன என்பதைச் சொல்கிறேன். பயத்தில் நாம் வேகவேகமாக மூச்சு வாங்குகிறோம். தேவைக்கு மேல் மூச்சு விடும்போது இரத்தத்தில் கரியமில வாயுவின் அளவு குறைகிறது. அதனால் தலை சுற்றுகிறது, விரல் நுனிகளும் உதடுகளும் மரக்கின்றன, காற்றுப் போதவில்லை என்ற உணர்வு வருகிறது. அந்த உணர்வுக்கு அஞ்சி இன்னும் வேகமாக மூச்சு வாங்கினால் எல்லாம் கூடுகிறது. எனவே ஆழமாக மூச்சை இழுக்க முயல வேண்டாம், வெளிவிடுவதை மெதுவாக்குங்கள். மூக்கின் வழியே நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். இந்தப் பீதி பெரும்பாலும் 10 நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்கத் தொடங்கும். முடிந்தால் நிற்கும் இடத்திலேயே, அல்லது ஓரமாக ஒதுங்கி, அது இறங்கும்வரை இருங்கள். உச்சத்தில் வெளியேறினால் மறுமுறை அந்த இடத்துக்கே போகத் தோன்றாது.

கேள்வி: பதற்றத்துக்கு ஆறு மாதமாக மாத்திரை எடுக்கிறேன். விடுமுறையில் நண்பர்களோடு மது அருந்துவேன். அந்த நான்கு நாட்கள் மாத்திரையை நிறுத்திக்கொள்ளலாமா?

பதில்: நிறுத்தக் கூடாது. நீங்கள் எடுப்பது, மூளையில் செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் சார்ந்த மருந்து என்றால், திடீரென்று நிறுத்திய சில நாட்களிலேயே தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கெடுதி, மின்சாரம் பாய்ந்தது போன்ற அதிர்வு ஆகியவை தோன்றக்கூடும். விரைவில் அமைதிப்படுத்தித் தூக்கமும் தரும் பென்சோடயஸெபின் வகை மருந்து என்றால், திடீர் நிறுத்தத்தால் வலிப்புகூட வரலாம். நிறுத்தாமல் அதன் மேல் மது அருந்தினால் மூச்சே அடங்கிப்போகும் ஆபத்து உண்டு. மது முதலில் பதற்றத்தைத் தணிப்பது போலத் தோன்றினாலும், அது இறங்கும் மறுநாள் காலையில் பதற்றத்தைக் கூட்டியே தருகிறது. இந்த விடுமுறையில் மதுவைத் தவிர்த்துவிடுங்கள். மாத்திரையைக் குறைக்கும் எண்ணம் இருந்தால், உங்கள் மருத்துவரோடு பேசிப் படிப்படியாகச் செய்யலாம்.

கேள்வி: என் மனைவிக்கு விடுமுறை வந்தாலே பயம். “எல்லோரும் நன்றாகத்தானே இருக்கிறார்கள், நீ ஏன் இப்படி?” என்று கேட்டால் அழுகிறார். நான் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? மருத்துவரிடம் அழைத்துப் போகும் அளவுக்கு இது பெரிய விஷயமா?

பதில்: மனைவியின் பொருட்டு நீங்களே எழுதியிருப்பது மிகவும் மகிழ்ச்சி தருகிறது. அந்தக் கேள்வியை மட்டும் இனிமேல் கேட்காதீர்கள், ஐயா. அவர் தம்மைத்தாமே நூறு முறை கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி அது. உங்கள் வாயிலிருந்தும் அது வரும்போது, பயத்தோடு அவமானமும் சேர்ந்துகொள்கிறது. அதற்குப் பதிலாக, “எந்த வேளை உனக்குக் கடினமாக இருக்கிறது?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். வரவு செலவுக் கவலையா, விருந்தினர் வரும் நாளின் வேலைச் சுமையா, யாரோ ஒருவரின் பேச்சா என்பது அப்போது தெரியவரும். பல வீடுகளில் விடுமுறையின் மொத்தப் பொறுப்பும் ஒருவர் தலையில் இருப்பதை மற்றவர்கள் கவனிப்பதே இல்லை. உங்கள் வீட்டில் அப்படி இருந்தால், உதவி செய்கிறேன் என்று சொல்வதோடு நிற்காமல், இரண்டு மூன்று வேலைகளைத் தொடக்கம் முதல் முடிவு வரை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். எதை எப்போது வாங்குவது என்று நினைவு வைத்திருப்பதும் அந்த வேலையில் சேர்ந்ததே.

மருத்துவரைப் பார்க்கலாமா என்று தயங்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் உலகில் 30 கோடிக்கும் மேற்பட்டோர் பதற்றக் கோளாறுகளோடு வாழ்ந்தார்கள். பேச்சு வழிச் சிகிச்சையும் மருந்துகளும் இதற்கு நன்றாகப் பயன் தருகின்றன. விடுமுறை முடிந்ததும் பயமும் போய்விடுகிறது என்றால், நீங்கள் இருவரும் பேசித் திட்டமிடுவதே போதுமானதாக இருக்கலாம். ஆனால் கட்டுப்படுத்த முடியாத கவலை ஆறு மாதமாகப் பெரும்பாலான நாட்களில் இருந்தாலோ, தூக்கமும் வேலையும் கெட்டாலோ கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற பேச்சு ஒருமுறை வந்தாலும், அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவ உதவியை நாடுங்கள். அவசரம் இல்லையென்றாலும் விடுமுறை தொடங்குவதற்கு முன்பே நேரம் வாங்கிவிடுங்கள். அந்த நாட்களில் பல மருத்துவர்கள் விடுப்பில் இருப்பார்கள். மருத்துவரின் அறைக்குள் முதலில் உங்கள் மனைவி பேசட்டும், அவர் கேட்டுக்கொண்டால் மட்டும் நீங்கள் உடன் செல்லுங்கள்.