வால்வு மாற்றிய பிறகு எப்போது படியேறலாம், எப்போது குழந்தையைத் தூக்கலாம்?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 41. பள்ளி ஆசிரியை. சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவில் இருக்கும் மைட்ரல் வால்வு சுருங்கிவிட்டது என்று சொல்லி, 7 வாரங்களுக்கு முன் நெஞ்சைத் திறந்து மெட்டல் வால்வு வைத்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், கூடவே மெட்டோபுரோலால் மாத்திரைகள் சாப்பிடுகிறேன். வீட்டில் என்னை எழுந்து நடக்கவே விடுவதில்லை. எனக்கும் பயம்தான். இரவில் வால்வின் 'டிக் டிக்' சத்தம் கேட்கிறது; வேகமாக நடந்தால் பிய்ந்துவிடுமோ என்று தோன்றுகிறது. படியேறினால் மூச்சு வாங்குகிறது. என் 5 வயது மகளைத் தூக்கலாமா? ஸ்கூட்டர், வேலை, முன்பு செய்துவந்த உடற்பயிற்சி எல்லாம் எப்போது?

பதில்: அந்தப் பயத்தை முதலில் பார்த்துவிடலாம், அம்மா. புது வால்வைச் சுற்றி ஒரு துணி வளையம் இருக்கும். அதைப் பல தையல்கள் போட்டு இதயத் திசுவோடு சேர்த்திருப்பார்கள். அந்தத் துணிக்குள் உங்கள் உடலின் திசுவே இப்போது வளர்ந்துகொண்டிருக்கிறது. நீங்கள் படுத்தே கிடந்தாலும் அந்த வால்வு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை திறந்து மூடுகிறது. நடப்பதால் அது பிய்ந்து வராது. அரிதாகச் சிலருக்குத் தையல் ஓரத்தில் கசிவு வருவதுண்டு. அதற்குக் காரணம் பெரும்பாலும் கிருமித்தொற்று அல்லது திசுவின் பலவீனம், நடைப்பயிற்சி அல்ல.

'டிக் டிக்' என்பது வால்வின் இதழ்கள் மூடும் சத்தம். அது தெளிவாகக் கேட்பது நல்லதுதான். வழக்கமாகக் கேட்கும் சத்தம் திடீரென்று மங்கி, கூடவே மூச்சுத்திணறலும் வந்தால் வால்வில் ரத்தக்கட்டி படிந்திருக்கலாம். அன்றைக்கே, அந்த நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இப்போது ஆறவேண்டியது உங்கள் நெஞ்சு எலும்பு. அதை நடுவில் அறுத்துத் திறந்து, வேலை முடிந்ததும் எஃகுக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். அது ஒட்ட 6 முதல் 8 வாரம் ஆகும்; முழு வலு வர ஏறக்குறைய 3 மாதம். அதனால் உங்கள் கால்களுக்கு ஒரு கணக்கு, கைகளுக்கு வேறு கணக்கு. கால்களுக்கு இன்றைக்கே அனுமதி உண்டு, கைகள்தான் பொறுத்திருக்க வேண்டும். உங்கள் வீட்டார் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். அக்கறையில் செய்வதுதான், ஆனால் படுக்கையிலேயே இருந்தால் தொடைத் தசைகள் கரையும், சளி நெஞ்சில் தங்கும், காலில் ரத்தம் உறையும் வாய்ப்பும் கூடும்.

நடையிலிருந்து தொடங்குங்கள். சமதளத்தில் 10 நிமிடம், காலையும் மாலையும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சில நிமிடங்கள் கூட்டி, ஒரே நடையில் 30 நிமிடம் வரை கொண்டுவாருங்கள். முதல் 5 நிமிடமும் கடைசி 5 நிமிடமும் மெதுவாக நடங்கள். சட்டென்று நின்றால் தலைசுற்றும். சாப்பிட்ட உடனேயும் வெயில் நேரத்திலும் வேண்டாம்.

எவ்வளவு வேகம் என்பதற்குக் கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பை நம்பாதீர்கள். மெட்டோபுரோலால் துடிப்பை வேண்டுமென்றே குறைத்து வைக்கிற மாத்திரை. 220-லிருந்து வயதைக் கழித்துத் துடிப்பின் உச்சத்தைச் சொல்லும் கணக்கெல்லாம் உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் பேச்சைக் கவனியுங்கள். நடக்கும்போது முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாடுவதற்கு மட்டும் மூச்சு போதாமல் இருக்க வேண்டும். அதுதான் சரியான வேகம். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சிழுத்தால் வேகத்தைக் குறையுங்கள். இன்னொன்று, மறுநாள் காலையில் எப்படி இருக்கிறீர்கள் என்பது. அசதி தீராமல் எழுந்தால் முந்தைய நாள் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். குறைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நிறுத்திவிடாதீர்கள்.

படியேறும்போது வாங்கும் மூச்சுக்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஆபரேஷனில் ரத்தம் இழந்து ஹீமோகுளோபின் குறைந்திருக்கலாம். பல ஆண்டுகள் சுருங்கிய வால்வோடு இருந்ததால் நுரையீரல் ரத்தக்குழாய்களில் ஏறிய அழுத்தம் இறங்கச் சில மாதங்கள் எடுக்கும். தசையும் மெலிந்திருக்கும். அதனால் இன்றைக்கு மூச்சு வாங்குகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். போன வாரத்தைவிடக் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். குறைந்துகொண்டே வந்தால் சரியான வழியில் போகிறீர்கள். கூடினால், அல்லது தட்டையாகப் படுத்தால் மூச்சு முட்டினால், அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம். படியேறும்போது கைப்பிடியை நிலைக்காக மட்டும் தொடுங்கள், அதைப் பிடித்து உடம்பை இழுக்காதீர்கள்.

இனி மகள். 5 வயதுக் குழந்தை பெரும்பாலும் 17, 18 கிலோ இருக்கும். 3 மாதம் முடியும்வரை நீங்கள் தூக்கலாம் என்பது 4, 5 கிலோதான், அதையும் இரண்டு கையால், முழங்கையை விலாவோடு ஒட்டி, நெஞ்சுக்கு அருகில் வைத்து. ஆகவே இப்போது தூக்கக் கூடாது. அதற்காக அவளைத் தள்ளி வைக்கவும் வேண்டாம். நாற்காலியில் சாய்ந்து உட்காருங்கள், மடியில் ஒரு சின்னத் தலையணை, அவளே ஏறி வரட்டும். ஓடிவந்து மோதக் கூடாது என்று மட்டும் சொல்லிவையுங்கள். அந்த வயதுக் குழந்தைக்குத் தழும்பைக் காட்டிச் சொன்னால் புரியும்.

படுக்கையிலிருந்து எழும்போது கையை ஊன்றித் தள்ளாமல், ஒருக்களித்துத் திரும்பி, காலைக் கீழே தொங்கவிட்டு எழுங்கள். இறுகிப்போன கதவை ஒற்றைக் கையால் இழுப்பது, தரை துடைப்பது, ஈரத்துணி முறுக்குவது இவையும் இப்போது வேண்டாம். இருமல், தும்மல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். நல்ல தாங்குதலுள்ள, கம்பி வைக்காத உள்ளாடை போட்டால் மார்பின் எடை தழும்பை இழுக்காது. இதைப் பல பெண்கள் கேட்கக் கூச்சப்பட்டு வலியோடு இருந்துவிடுகிறார்கள்.

கையைப் பாதுகாக்கிறேன் என்று அசைக்காமலே வைத்திருந்தாலும் தோள்பட்டை இறுகிவிடும். இரண்டு கையையும் ஒன்றாக, வலிக்காத உயரம்வரை மெதுவாகத் தூக்கி இறக்குங்கள், தோளைச் சுழற்றுங்கள். அப்போது நெஞ்சு எலும்பில் 'களுக்' என்று சத்தமோ, இரண்டு பக்கமும் தனித்தனியாக அசைகிற உணர்வோ இருந்தால் சர்ஜனைப் பாருங்கள்.

ஸ்கூட்டருக்கு 3 மாதம் பொறுங்கள். திடீர் பிரேக் போட்டால் முழு வேகமும் கை வழியாக நெஞ்சு எலும்பில்தான் வந்து நிற்கும். அதன் பிறகும் ஹெல்மெட் இல்லாமல் ஏறாதீர்கள், வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்குத் தலையில் விழும் சின்ன அடியும் பெரிது. விழுந்து தலையில் பட்டால் வலி இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வேலைக்கு, எல்லாம் சரியாக இருந்தால், 8 முதல் 12 வாரத்துக்குள் திரும்பலாம். முதலில் அரைநாள் கேட்டுப் பாருங்கள். கரும்பலகையில் கண் உயரத்துக்கு மேல் எழுத வேண்டாம், பாதி வகுப்பை உட்கார்ந்து நடத்துங்கள், நோட்டுக் கட்டுகளைப் பிள்ளைகள் தூக்கட்டும்.

முன்பு செய்த உடற்பயிற்சிக்கு, 3 மாதம் கழித்து எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்து, இதய மருத்துவர் சரி என்றதும் போகலாம். மருத்துவமனையில் இதய மறுவாழ்வுப் பயிற்சி இருந்தால் அதில் சேர்ந்துவிடுங்கள். கண்காணிப்பில் செய்யும்போது வரும் தைரியம் வேறு. எடை தூக்கினால் குறைந்த எடையாகத் தொடங்கி, தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்குவது எந்தப் பயிற்சியிலும் கூடாது, யோகாவிலும்தான். மோதி விளையாடும் ஆட்டங்கள் இனி வேண்டாம். உடம்பு வலிக்கிறதென்று டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போடாதீர்கள், வார்ஃபரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். பாராசிட்டமால் அளவோடு போதும். மைட்ரல் இடத்தில் மெட்டல் வால்வு இருப்பவர்களுக்கு ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) வழக்கமாக 2.5 முதல் 3.5-க்குள் இருக்க வேண்டும். உங்களுக்கான அளவை மருத்துவரிடம் கேட்டுக் குறித்துவையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். இரண்டு மாடி நிற்காமல் ஏற முடிந்தால் தாம்பத்திய உறவுக்கும் இதயம் தயார். நெஞ்சில் எடை விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் வார்ஃபரின் கருவைப் பாதிக்கும். இன்னொரு குழந்தை பற்றிய எண்ணம் இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசுங்கள், நாள் தள்ளிப்போனால் உடனே சொல்லுங்கள்.

நெஞ்சுவலி, மயக்கம், ஒழுங்கில்லாத படபடப்பு வந்தால் பயிற்சியை அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ எடை ஏறினால், கால் வீங்கினால், காயத்தில் நீர் வடிந்தால் அன்றே காட்டுங்கள். வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால் நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்கிப் போட வேண்டாம். வால்வில் கிருமி இருக்கிறதா என்று முதலில் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்த செக்கப்புக்கு, வீட்டில் உங்களை அதிகம் தடுப்பவர் யாரோ அவரையே கூட்டிக்கொண்டு போங்கள். எத்தனை நிமிடம் நடந்தீர்கள், படியேறியபோது எப்படி இருந்தது என்று அதுவரை ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். அதைச் சர்ஜன் முன்னால் வைத்து, இவர் நடக்கலாமா, எவ்வளவு நடக்கலாம் என்று கூட வந்த அந்த வீட்டுக்காரர் வாயாலேயே சர்ஜனிடம் கேட்கச் சொல்லுங்கள்.