தபால்பை: கெண்டை மீன் படை

போன இதழில் சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக் குன்றின் மேல் ஏறிப்போகும், ஜப்பான்காரன் காலத்துப் பழைய படிகளைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. முப்பது வருடம் அடுத்தவர் கடிதத்தையே சுமந்த தபால்காரனுக்குத் தன் பெயருக்குக் கடிதம் வருவது தனிச் சுகம். எல்லாக் கடிதமும் ஜப்பான்காரன் காலத்தைப் பற்றித்தான்.

உட்லண்ட்ஸ் வாசகி: எங்கள் பாட்டி மலாயாவில் தஞ்சோங் மாலிம் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர். ஜப்பான்காரன் சைக்கிளில் வந்தபோது ராத்திரி முழுக்கக் கடகடவென்று சத்தம் கேட்டதாம். யார் அவர்கள்? காட்டுச் சண்டையில் பழகியவர்களா?

பாட்டி சொன்னதில் பிழை இல்லை அம்மா. அந்தச் சாலையில் வந்தது ஜப்பானின் ஐந்தாம் டிவிஷன் (டிவிஷன் என்றால் ஆயிரக்கணக்கான ஆட்கள் உள்ள பெரிய படைப்பிரிவு; அதற்குள் பிரிகேடு, பிரிகேடுக்குள் ரெஜிமெண்ட்). டயர் வெடித்தால் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரிம்மிலேயே ஓட்டுவார்கள். தார்ச்சாலையில் நூறு ரிம் உருண்டால் டாங்கி வருகிற மாதிரி இருக்கும், எதிரே நின்றவர்கள் அதைக் கேட்டே ஓடினார்கள் என்று சுஜி மசனொபு என்ற ஜப்பானிய அதிகாரி சொல்லியிருக்கிறார். தன் புகழைத் தானே பாடுகிற ஆசாமி அவர். கொஞ்சம் தள்ளுபடி போட்டுத்தான் கேட்க வேண்டும். பாட்டி கேட்டது நிஜ டாங்கியாகவும் இருக்கலாம். 1942 ஜனவரி 7 விடிவதற்கு முன், பக்கத்திலேயே சிலிம் ரிவரில், டாங்கிகள் நெடுஞ்சாலையோடு நேராக வந்து பிரிட்டிஷ் தரப்பின் இரண்டு இந்திய பிரிகேடுகளைச் சிதறடித்தன.

காட்டுச் சண்டை என்பது பின்னால் கட்டிய கதை. ஜித்ராவிலும் சிலிம் ரிவரிலும் தோற்ற பிரிட்டிஷ் தரப்புக்கு அப்படி ஒரு காரணம் தேவைப்பட்டது. காட்டுக்குள் புகுந்து பக்கவாட்டில் வந்தது உண்மைதான். ஆனால் படையின் பெரும்பகுதி வந்தது வெள்ளைக்காரன் போட்ட நல்ல தார்ச்சாலையில். வந்தவர்களில் அநேகம் பேர் அதற்கு முன் ரப்பர் மரத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். சீனாவில் நாலு வருடம் அடித்தும் அடி வாங்கியும் வந்த படை அது. 1937இல் பிங்சிங்குவான் கணவாயில் சீனக் கம்யூனிஸ்ட் தளபதி லின் பியாவோவின் ஆட்கள் அவர்களுடைய சரக்கு வண்டிகளை மடக்கினார்கள். அடுத்த வருடம் தைஅர்ஷுவாங்கில் தோல்வி. 1940 செப்டம்பரில், பிரெஞ்சுக்காரர்களோடு ஒப்பந்தம் கையெழுத்தான பிறகும், எல்லை தாண்டி வியட்நாமின் லாங் சோனைத் தாக்கியது இதே டிவிஷன்தான். கடலிலிருந்து கரையேறுவதிலும் பழகியவர்கள். 1941 டிசம்பர் 8 அன்று தாய்லாந்தின் சிங்கோராவிலும் பட்டாணியிலும் இறங்கினார்கள். (கோத்தா பாருவில் இறங்கியவர்கள் வேறு, 18ஆம் டிவிஷன்காரர்கள்.) அங்கிருந்து ஜொகூர் பாரு ஏறக்குறைய 1,100 கிலோமீட்டர். 55 நாளில் வந்துவிட்டார்கள்.

இனி என் தொழில் சங்கதி. அந்தப் படையில் ரெஜிமெண்ட் எண் என்பது ஒரு விலாசம். 11 என்றால் ஹிரோஷிமா, 41 ஃபுகுயாமா, 21 ஹமாடா, 42 யமாகுச்சி. எந்த வட்டாரத்தில் ஆள் எடுத்தார்களோ அந்த வட்டாரத்து ரெஜிமெண்ட். ஆகவே எண் தெரிந்தால் சிப்பாய் எந்த ஊர்ப் பிள்ளை என்று சொல்லிவிடலாம். ஹிரோஷிமாவில் 1873இல் போட்ட காவல்படைதான் 1888இல் ஐந்தாம் டிவிஷன் ஆனது. போருக்குப் போனவர்களுக்கு வீட்டிலிருந்து கடிதம் எழுதும்போது டிவிஷன் பெயரை எழுதக் கூடாது, ரகசியம். உறையில் ஓர் எழுத்து, ஓர் எண், அவ்வளவுதான். இவர்களுடைய எழுத்து 'கொய்'. நம் கெண்டை மீன்! ஹிரோஷிமாக் கோட்டைக்குக் கெண்டைக் கோட்டை என்று ஒரு பெயர் உண்டு, அதிலிருந்து வந்தது. அந்த ஊர் பேஸ்பால் குழுவுக்கு இன்றைக்கும் அந்த மீன் பெயர்தான்.

புக்கிட் பாஞ்சாங் வாசகர்: அந்தப் படிகள் யாருக்காகக் கட்டியவை?

புக்கிட் தீமாவில் செத்த ஜப்பானியச் சிப்பாய்களுக்காக. பிப்ரவரி 8 இரவு சரிம்பூன் கரையில் ஏறிய ஐந்தாம் டிவிஷனும் 18ஆம் டிவிஷனும் 11ஆம் தேதி புக்கிட் தீமாவைப் பிடித்துவிட்டன. போர்க்கைதிகளான பிரிட்டிஷாரையும் ஆஸ்திரேலியரையும் வேலை வாங்கி, குன்றின் உச்சியில் 12 மீட்டர் உயர மரத்தூண் ஒன்றை நட்டார்கள். அதன் பின்னால், செத்துப்போன எதிரிகளுக்கும் சின்னதாக ஒரு சிலுவை வைக்கவிட்டார்கள். சரணடைவதற்கு முன் தூணை ஜப்பானியரே இடித்துவிட்டார்கள். மிஞ்சியது படிகள் மட்டும், ஏறக்குறைய 120. முழங்கால் வலிக்காரர்கள் காலை வெயிலுக்கு முன் போங்கள். மேலே ஒலிபரப்புக் கோபுரம்தான் இருக்கிறது, பார்க்க வேறொன்றும் இல்லை.

தோ பாயோ வாசகர்: சீனர்களை வரிசையில் நிறுத்திக் கொன்றது கெம்பெய்தாய் என்ற ஜப்பானிய ராணுவப் போலீஸ்தானே? போர்ப்படைக்கு அதில் பங்கு இல்லை என்கிறாரே என் நண்பர்?

உங்கள் நண்பரிடம் ஒரு பெயரைச் சொல்லுங்கள்: கவமுரா சபுரோ. ஐந்தாம் டிவிஷனின் 9ஆம் பிரிகேடுக்குத் தலைவர். சிங்கப்பூர் விழுந்ததும் நகரக் காவல் தளபதியாகப் போட்டார்கள். சூக் சிங் படுகொலை அவர் பொறுப்பில்தான் நடந்தது. ஆள் பொறுக்கியது கெம்பெய்தாய் என்றாலும், அவர்களுக்குத் துணையாகப் படைச் சிப்பாய்களும் போனார்கள். 1947இல் கவமுராவைத் தூக்கில் போட்டார்கள். மார்ச் 1942இல் நெகிரி செம்பிலானில் கிராமம் கிராமமாகச் சீனர்களைக் கொன்றது 11ஆம் ரெஜிமெண்ட். அதற்கு அவர்களுடைய நாட்குறிப்பே சாட்சி. 1980களில் ஜப்பானிலேயே அது வெளிவந்தது. ஹிரோஷிமாப் பிள்ளைகள்தான், சந்தேகமே வேண்டாம்.

செங்காங் வாசகி: சயாம் மரண ரயிலைப் போட்டதும் "ஐந்தாம்" படை என்று படித்தேன். அதே படையா?

இல்லை. அது 5ஆம் *ரயில்வே* ரெஜிமெண்ட், பர்மா பக்கமிருந்து போட்டது. தாய்லாந்துப் பக்கம் 9ஆம் ரயில்வே ரெஜிமெண்ட். வீட்டு எண் ஒன்றாக இருந்தாலும் தெரு வேறு.

ஈசூன் வாசகர்: சிங்கப்பூரைப் பிடித்தவர்கள் எல்லாரும் கடைசியில் ஹிரோஷிமா குண்டில் செத்தார்கள் என்று என் அப்பா சொல்வார். உண்மையா?

அந்தக் கதையை நானும் கோப்பிக்கடையில் கேட்டிருக்கிறேன். கணக்குத் தீர்ந்தது என்கிற திருப்தி அதில் இருக்கிறது. ஆனால் நடந்தது அப்படி இல்லை. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஐந்தாம் டிவிஷன் ஊரிலேயே இல்லை. டச்சுக்காரர்களின் கிழக்கிந்தியத் தீவுகளில், செராம் பக்கத்தில், சண்டையே வராமல் காத்துக்கிடந்தது. குண்டு விழுந்த இடத்தில் இருந்தவர்கள் அவர்களுடைய அம்மா, மனைவி, குழந்தைகள். கெண்டை எழுத்துப் போட்டு உறையில் விலாசம் எழுதியவர்கள்.

உங்கள் அப்பாவுக்குச் சொல்ல வேறொன்று இருக்கிறது. 1937இல் சீனாவில் இந்த டிவிஷனை நடத்திய தளபதியின் பெயர் இதகாகி செய்ஷிரோ. 1945 செப்டம்பர் 12 அன்று, தென்கிழக்காசியாவில் இருந்த அத்தனை ஜப்பானியப் படைகளுக்காகவும் சரணடைந்து கையெழுத்துப் போட்டவர் அதே இதகாகி. இடம் நம் பாடாங் எதிரே உள்ள நகர மண்டபம், இப்போது தேசியக் கலைக்கூடம். பதிவுத் தபாலுக்குக் கையெழுத்து வாங்க அந்தப் படிகளில் நான் எத்தனையோ முறை ஏறியிருக்கிறேன். உள்ளே யார், எதற்குக் கையெழுத்துப் போட்டார் என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது.