பழைய காரில் நல்ல ஒலி: வேலூர் வட்டாரக் கேள்விகளும் பதில்களும்

செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார்களின் ஸ்டீரியோ, ஸ்பீக்கர் பற்றி வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து அன்பர்கள் கேட்டவற்றுக்கு, கார் வயரிங் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

காட்பாடி: ஐயா, 2013ஆம் ஆண்டு வேகன் ஆர் வாங்கியிருக்கிறேன். கையில் இருக்கும் பணத்துக்குப் பெரிய திரை வைத்த ஆண்ட்ராய்டு செட் வாங்குவதா, ஸ்பீக்கர்களை மாற்றுவதா?

முதலில் ஸ்பீக்கர், அதற்கும் முன்னால் கதவு. செட்டைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். செட்டின் அட்டையில் '50 வாட் × 4' என்று அச்சிட்டிருந்தாலும், காரில் கிடைக்கும் 14 வோல்ட் சொச்சத்தைக் கொண்டு 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது தொடர்ந்து தரக்கூடியது ஏறக்குறைய 20 வாட்தான். விலை மூன்று மடங்கானாலும் இந்தக் கணக்கு அதிகம் மாறாது. திரை பெரிதாகும், வசதிகள் கூடும், ஒலியின் வலிமை கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். கதவு ஸ்பீக்கரின் நிலை வேறு. பத்தாண்டு வெயிலும் மழையும் பார்த்த அதன் காகிதக் கூம்பு ஈரத்தில் தளர்ந்து, ஓரத்து வளையம் விறைத்தோ கிழிந்தோ போயிருக்கும். அதன் வழியாக எந்தச் செட்டை வைத்துக் கேட்டாலும் குறை தெரியத்தான் செய்யும்.

இதை நீங்களே சோதிக்கலாம். செட்டில் பேலன்ஸ் (இடம்-வலம்), ஃபேடர் (முன்-பின்) இரண்டையும் நகர்த்தி, ஒரு நேரத்தில் ஒரு ஸ்பீக்கரை மட்டும் ஒலிக்க விடுங்கள். மிருதங்கத்தின் தொப்பியும் தவிலும் வரும் இடத்தில் கரகரப்பு கேட்டால் ஸ்பீக்கர் போய்விட்டது. படபடவென்ற அதிர்வு மட்டும் கேட்டு, கதவின் உள்பலகையைக் கையால் அழுத்தியதும் அது நின்றால், ஸ்பீக்கரில் பழுதில்லை. பலகையைப் பிடிக்கும் கிளிப்புகள் உடைந்திருக்கின்றன. சில ரூபாய் கிளிப்புக்காக நல்ல ஸ்பீக்கர்களைக் கழற்றி எறிந்தவர்களைப் பார்த்து எனக்கு மனம் வருந்தியதுண்டு.

புதிய ஸ்பீக்கர் வாங்கும்போது பெட்டியின் மேல் பெரிதாகப் போட்டிருக்கும் வாட்டை விட்டுவிட்டு, சென்சிடிவிட்டி, அதாவது ஒரே வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு, எத்தனை டெசிபெல் என்று பாருங்கள். 3 டெசிபெல் கூடுவது வாட்டை இரட்டிப்பாக்குவதற்குச் சமம். அதாவது 89 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 40 வாட் கொடுத்து வரும் ஒலி, 92 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 20 வாட்டிலேயே வந்துவிடும். ஆம்ப் (ஒலியின் வலிமையைக் கூட்டும் ஆம்ப்ளிஃபையர்) இல்லாமல் செட்டிலிருந்து நேராக ஓட்டுபவருக்கு இந்த ஒரு எண்தான் முக்கியம். அடுத்தது ஆழம்: கண்ணாடியை முழுவதும் கீழே இறக்கிய நிலையில் காந்தத்துக்கு இடம் இருக்கிறதா என்று அளந்த பிறகே காசைக் கொடுங்கள்.

திருப்பத்தூர்: கோஆக்சியல் வாங்குவதா, காம்பொனென்ட் வாங்குவதா? நான்கு கதவுக்கும் மாற்ற வேண்டுமா?

கோஆக்சியலில் ட்வீட்டர் எனும் உயர்சுர ஸ்பீக்கர் பெரிய கூம்பின் நடுவிலேயே இருக்கும், காம்பொனென்ட்டில் அது தனியாக வரும். அதைப் பொருத்த முன்புறத்தில் இடம் இருந்தால், முன்கதவுகளுக்குக் காம்பொனென்ட் வாங்குங்கள். முழங்காலுக்குக் கீழே அடங்கிக் கிடக்கும் குரலும் வயலினும் காது மட்டத்துக்கு எழுந்து வரும். பின்கதவில் இருப்பது பழுதில்லாமல் பாடினால் அதைத் தொட வேண்டாம். நான்குக்கும் சுமாரானதை வாங்குவதைவிட, அதே பணத்தில் முன்னால் இரண்டை நல்லதாக வாங்குவதே சரி என்பது என் உறுதியான கருத்து.

ஆம்பூர்: கதவுக்குள் ஒட்டும் டாம்பிங் ஷீட் உண்மையிலேயே பயன்படுமா? தார் ஷீட் விலை குறைவு, அதுவே போதும் என்று கடையில் சொல்கிறார்கள்.

மிகவும் பயன்படும், ஆனால் நம் ஊருக்குத் தார் ஷீட் வேண்டாம். வேலூர்ப் பக்கம் கத்திரி வெயிலில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும்போது, வெட்டவெளியில் நிற்கும் காரின் கதவுத் தகடு கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். அந்தச் சூட்டில் தார் இளகி வழியும், காருக்குள் வாடை அடிக்கும், மழைக்காலத்தில் ஒட்டு விட்டுக் கண்ணாடி இறங்கும் வழியில் விழும். மேலே அலுமினியத் தாளுடன் வரும் பியூட்டைல் (ரப்பர் வகை) ஷீட் கேளுங்கள்.

ஒட்டுவதன் பயனை விளங்கிக்கொண்டால் எங்கே ஒட்டுவது என்பதும் தெரிந்துவிடும். ஸ்பீக்கர் கூம்பு முன்னால் தள்ளும் அதே காற்றைப் பின்னால் இழுக்கிறது. கதவின் உள்தகட்டில் பெரிய ஓட்டைகள் திறந்திருந்தால், பின்பக்க ஒலி அவற்றின் வழியாக வந்து முன்பக்க ஒலியோடு மோதி, தாழ்ந்த சுரங்களைக் கரைத்துவிடும். ஆகவே வெளித்தகட்டில் ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் ஓரிரு துண்டுகளை ஒட்டி அதிர்வைக் குறைத்து, மீதியை உள்தகட்டின் ஓட்டைகளை மூடப் பயன்படுத்துங்கள். கதவு முழுவதும் தகட்டை மறைத்து ஒட்டுவது வீண் செலவு, கீலுக்கும் பாரம். கதவின் அடியில் இருக்கும் சிறு துவாரங்களை மட்டும் எக்காரணத்தாலும் அடைத்துவிடாதீர்கள். கண்ணாடி வழியாக இறங்கும் மழைநீர் வெளியேற அவைதான் வழி, அடைத்தால் கதவு உள்ளிருந்து துருப்பிடிக்கும். ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கும் வளையமும் பிளாஸ்டிக்காக இருக்கட்டும், எம்.டி.எஃப். எனும் மரத்தூள் பலகை ஈரத்தில் உப்பிவிடும்.

இராணிப்பேட்டை: ஒவ்வொரு முறை சாவியை எடுத்ததும் செட்டில் நேரமும் சேமித்த ஸ்டேஷன்களும் அழிந்துவிடுகின்றன. செட் பழுதா?

பெரும்பாலும் செட் பழுதாக இருக்காது. செட்டின் மஞ்சள் வயர் எப்போதும் பேட்டரியின் 12 வோல்ட்டில் இருக்க வேண்டும். அதுதான் நினைவைக் காக்கிறது. சிவப்பு வயர் சாவி திருப்பும்போது மட்டும் மின்சாரம் பெற வேண்டும். இரண்டும் இடம் மாறியிருக்கலாம், அல்லது முந்தைய உரிமையாளருக்கு வேலை செய்தவர் இரண்டையும் சேர்த்து முறுக்கிச் சாவி வயரில் கொடுத்திருக்கலாம். சில ஐரோப்பிய கார்களின் கப்ளரில் (வயர்களைச் சேர்க்கும் செருகியில்) இந்த இரு முனைகளும் நாம் வழக்கமாகப் பொருத்தும் செட்டுகளுக்கு மாறான இடத்தில் இருக்கும் என்பதால், வண்ணத்தை நம்பாமல் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

குடியாத்தம்: ஆண்ட்ராய்டு செட் போட்ட பிறகு, ஐந்து நாள் காரை எடுக்காவிட்டால் ஸ்டார்ட் ஆவதில்லை.

மேலே சொன்னதன் மறுபக்கம் இது. சிவப்பு வயரையும் நேரடி மின்சாரத்தில் கொடுத்திருந்தால் செட் உறங்கவே உறங்காது. மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பேட்டரியின் நெகட்டிவ் முனையோடு தொடராக இணைத்து, கதவுகளை மூடி அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். அப்படி இணைத்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யக் கூடாது. 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. 300 மில்லி ஆம்பியர் ஓடினால் ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர் மணி போகும். சிறிய கார்களின் 35 ஆம்பியர் மணி பேட்டரி ஐந்தாம் நாளில் முற்றிலும் காலியாகிவிடும். உங்கள் ஐந்து நாள் கணக்கு இதோடு ஒத்துப்போகிறது. வயரிங் சரியாக இருந்தும் இழுத்தால், செட்டின் அமைப்புகளில் ஸ்லீப் நேரத்தைக் குறைத்துப் பாருங்கள்.

வாணியம்பாடி: புதிதாக ஆம்ப் வைத்தேன். ஏலகிரி ஏறும்போது ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'உய்ய்' என்ற இரைச்சல் கூடுகிறது.

எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் இரைச்சல் ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. பத்துக்கு ஒன்பது கார்களில் எர்த் சரியில்லாததே காரணம். ஆம்ப்பின் எர்த் வயர் அரை மீட்டருக்குள் முடிய வேண்டும். அது சேரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி வெறும் தகடு தெரிய வைத்து, போல்ட்டால் இறுக்கி, துருப்பிடிக்காமல் மேலே பூச வேண்டும். சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் கொடுக்கும் வழக்கம் நம் பக்கம் அதிகம். உயிர்காக்கும் போல்ட்டைத் தளர்த்தி வயர் செருகுவதை நான் அடியோடு எதிர்க்கிறேன். அதன்பின், பேட்டரியிலிருந்து வரும் பவர் வயரைக் காரின் ஒரு பக்கமாகவும் செட்டிலிருந்து ஆம்ப்புக்கு ஒலியைக் கொண்டுவரும் ஆர்.சி.ஏ. கேபிளை மறுபக்கமாகவும் கொண்டுபோங்கள். இவற்றைச் செய்யாமல் நாய்ஸ் ஃபில்டர் வாங்கி மாட்டுவது நோயை விட்டுவிட்டு வலிக்கு மட்டும் மாத்திரை போடுவதாகும்.

சோளிங்கர்: 1000 வாட் என்று போட்ட ஆம்ப்பும் ஊஃபரும் குறைந்த விலையில் கிடைக்கின்றன. வாங்கலாமா அண்ணா?

ஆம்ப்பின் பக்கவாட்டில் செருகியிருக்கும் ஃப்யூஸைப் பாருங்கள், தம்பி. அதில் 25 என்று இருந்தால், 25 ஆம்பியரை 13.8 வோல்ட்டால் பெருக்க 345 வாட் வருகிறது. அதற்கு மேல் அது தொடர்ந்து உள்வாங்கவே முடியாது. வெப்பமாக வீணாவது போக, வெப்பமாக வீணாவது குறைந்த கிளாஸ் டி வகை ஆம்ப்பாக இருந்தாலும் வெளியே வருவது 280 வாட்டுக்குள்தான். ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய வாட்) அளவை எழுதாத பொருளை வாங்காதீர்கள். வயர் கிட்டிலும் இதே ஏமாற்று உண்டு: அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசிய வயர், அதே தடிமனுள்ள முழுச் செம்பு வயரைவிடக் குறைவான மின்சாரத்தையே தாங்கும். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃப்யூஸ் இல்லாத காரை என் பொறுப்பில் வெளியே விடமாட்டேன். வயர் எங்காவது உராய்ந்து தகட்டைத் தொட்டால் காரையே எரித்துவிடும்.

ஆற்காடு: டேஷ்போர்டை நானே கழற்றலாமா?

மேலே சொன்ன செட்டின் ஒற்றை மஞ்சள் வயர் வேறு; காரின் மஞ்சள் உறையிட்ட வயர்களும் மஞ்சள் கப்ளர்களும் ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றைத் தொடவோ மீட்டர் வைக்கவோ கூடாது. இந்தியாவில் 1.7.2019 முதல் தயாரான புதிய கார்களில் ஓட்டுநருக்கான ஏர்பேக் கட்டாயம் என்பதால், அதற்குப் பின் தயாரான காரில் அது நிச்சயம் இருக்கும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருந்து தொடங்குங்கள்.

வேலூர் சத்துவாச்சாரி: சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ பெங்களூரு ஜே.சி. சாலையிலோ வாங்கினால் மலிவு என்கிறார்கள். கழற்றிய பழைய செட்டை என்ன செய்வது?

அங்கே தேர்வு அதிகம் என்பது உண்மை. பொருளை அங்கே வாங்கினாலும் பில்லும் வாரண்டி அட்டையும் கேட்டு வாங்குங்கள். வயரிங்கை மட்டும் உள்ளூரில், குறை வந்தால் மறுநாளே காட்டக்கூடியவரிடம் கொடுங்கள். காரின் வயரை வெட்டாமல் அதற்கென்று விற்கும் கப்ளர் வைத்தே இணைக்கச் சொல்லுங்கள். பிறகு பொருத்திய செட்டையும் ஆம்ப்பையும் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது மின்சாதனத் துணைப்பொருளாக மதிப்பு எழுதித் தனியாகச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் திருட்டுப் போனாலும் இழப்பீடு கேட்பது கடினம். பழைய செட், ஸ்பீக்கர், திருகுகள் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு வீட்டில் வையுங்கள். காரை விற்கும் நாளில் அவற்றைத் திருப்பிப் பொருத்திவிட்டு, நீங்கள் வாங்கிய ஸ்பீக்கரை அடுத்த காருக்கு எடுத்துக்கொள்ளலாம்.