மேற்கத்திய இசை ஒன்றுமே தெரியாதவர் சிங்கப்பூர் சிம்பொனி கச்சேரிக்குப் போனால் ரசிக்க முடியுமா?

கேள்வி கேட்டவர் கூடவே இப்படியும் எழுதியிருக்கிறார்: "இளையராஜா 2025 மார்ச்சில் லண்டனில் சிம்பொனி அரங்கேற்றியதிலிருந்து எனக்கும் ஆசை. இருப்பது சிங்கப்பூரில். எஸ்பிளனேடில் அடிக்கடி கச்சேரி நடக்கிறது. ஒன்றும் புரியாமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வர எதற்குக் காசு கொடுக்கணும்?"

கொடுக்கலாம். ஆனால் ஒரே ஒரு தடவை போவதற்கென்றால் வேண்டாம். ஒரு சீசனில் நாலைந்து கச்சேரிக்குப் போகத் தயார் என்றால் கொடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

எனக்கும் ஸ்டாஃப் நொட்டேஷன் படிக்கத் தெரியாது. துவாஸில் ஷிப்யார்ட் வேலை. பகல் முழுக்க காதில் இயர் ப்ளக்கை அடைத்துக்கொண்டு திரிகிறவன். சொந்த ஊர் மாயவரம் பக்கம். கோயில் வாசலில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்ததுதான் என்னுடைய மொத்த இசை ஞானம். கூட வேலை பார்க்கும் ஒருவர் தன்னால் போக முடியவில்லை என்று ஒரு டிக்கெட்டைக் கையில் திணித்தார். மேடைக்குப் பின்பக்கத்து இருக்கை. மலிவான இடம், வாத்தியக்காரர்களின் முதுகைப் பார்க்கும் இடம் என்று கொஞ்சம் அலுத்துக்கொண்டேதான் போனேன்.

எஸ்பிளனேடு கச்சேரி அரங்கில் முன்னால் சுமார் 1,600 இருக்கைகள். மேடைக்குப் பின்னால், ஆர்கன் குழாய்களுக்குக் கீழே, இன்னும் 200 பேர் உட்காரலாம். கோரஸ் பாடும் நாளில் அது பாடகர்களுக்கு. மற்ற நாட்களில் என்னைப் போன்றவர்களுக்கு. அங்கே உட்கார்ந்தால் கையசைத்து வாத்தியக்குழுவை நடத்தும் நடத்துநரின் முகம் நேராகத் தெரியும். முன்வரிசையில் கோட் போட்டு உட்கார்ந்திருப்பவருக்கு அவருடைய முதுகுதான். அவர் புருவத்தைத் தூக்குவதும், செல்லோக்காரர்களைப் பார்த்து 'போதும், போதும்' என்பதுபோல இடது கையைத் தாழ்த்துவதும் எனக்குத் தெரியும்.

முதலில் என்னைப் பிடித்து இழுத்தது ஓபோ என்ற ஊதுகுழல். ஆரம்பிக்கும் முன் ஓபோக்காரர் ஒரு சுரம் கொடுப்பார். நம் கணக்கில் ஆறு கட்டை. மொத்தக் குழுவும் அதற்கு ஸ்ருதி சேர்க்கும். நம் கச்சேரிபோல தம்புரா கடைசிவரை ஓடிக்கொண்டிருக்காது. ஒரு தடவை கேட்டுக்கொள்ள வேண்டியதுதான், பிறகு அவரவர் பாடு. அந்த ஓபோக்காரர் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து நாணல் துண்டு ஒன்றை எடுத்தார், கட்டைவிரல் அளவு குப்பியிலிருந்த தண்ணீரில் நனைத்தார், உதட்டில் வைத்து 'கீச்' என்று ஊதிப் பார்த்தார், பிடிக்கவில்லை, வேறொன்றை எடுத்தார். அட, இது சீவாளி! எங்கள் ஊர் நாதஸ்வரக்காரர் கழுத்திலிருந்து சீவாளிக் கொத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு இதே வேலையைத்தான் செய்வார். ஓபோக்காரர்களில் பலர் நாணலைத் தாங்களே கத்தியால் சீவித் தயார் செய்துகொள்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்றைக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: மேடையில் எனக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார்.

அன்றைய பெரிய உருப்படி த்வோர்ஷாக் என்ற செக் இசையமைப்பாளரின் ஒன்பதாவது சிம்பொனி. அவர் அமெரிக்காவில் இருந்தபோது எழுதியது, 1893 டிசம்பரில் நியூயார்க்கில் அரங்கேறியது, சுமார் 40 நிமிடம். இரண்டாம் பாகத்தில் ஓபோவின் அண்ணன் மாதிரி நீளமான, கீழ் ஸ்தாயி வாத்தியம் ஒன்று தனியாகப் பாடும். கோர் ஆங்லே என்று பெயர். நாதஸ்வரத்தில் குட்டையான திமிரியும் நீளமான பாரி நாயனமும் கேட்டவர்களுக்கு இந்த உறவு உடனே பிடிபடும்.

நான் சொல்ல வந்தது அதுவும் இல்லை. எனக்குச் சற்றுக் கீழே, கையெட்டும் தூரம்போல, தாள வாத்தியக்காரர்கள். ஒருவருக்கு முன்னால் ஸ்டாண்டில் பெரிய ஜால்ரா, அதாவது சிம்பல். முதல் பாகம் முடிந்தது, அதைத் தொடவில்லை. இரண்டாவது முடிந்தது, தொடவில்லை. மூன்றாவதில் இரும்பு முக்கோணத்தை எடுத்துக் கிணுகிணு என்று தட்டிவிட்டு வைத்தார். நாலாவது பாகம் ஆவேசமாக ஆரம்பித்தது, எல்லாரும் முழு மூச்சில். இப்போது அடிப்பார் என்று நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். இல்லை. ஆர்ப்பாட்டம் அடங்கி, கிளாரினெட் வருவதற்குச் சற்று முன்னால், மெதுவாக எடுத்து ஒரே ஒரு உரசல். 'ஷ்...' அவ்வளவுதான். திரும்ப வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அந்தச் சிம்பொனி முழுவதற்கும் சிம்பலுக்கு எழுதியிருப்பது அந்த ஒற்றை ஓசை. பாதிப் பேர் காதில் விழுந்திருக்காது. அதே சிம்பொனியில் டியூபா என்ற பெரிய பித்தளை வாத்தியத்துக்கு மொத்தம் 14 சுரங்கள்தான், அத்தனையும் இரண்டாம் பாகத்தில்.

எங்கள் ஊர் தாளக்காரர் ஒரு புறப்பாட்டுக்குள் எத்தனை ஆயிரம் தடவை தட்டுவார் என்று எண்ணிப் பாருங்கள். இந்த மனுஷன் ஒரு தட்டுக்காக அரை மணி நேரத்துக்கு மேல் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உண்மையாகவே எண்ணுகிறார், உதடு அசைவது பக்கவாட்டில் தெரிந்தது. அன்றிலிருந்து நான் கச்சேரிக்குப் போவது வாசிப்பவர்களைப் பார்க்க அல்ல, காத்திருப்பவர்களைப் பார்க்க.

அதனால்தான் ஒரு தடவை போதாது என்கிறேன். சிங்கப்பூர் சிம்பொனிக் குழுவில் இன்று 90 பேருக்கு மேல். நாலைந்து கச்சேரிக்குப் பிறகு முகங்கள் பழகிவிடும். டெக்கா மார்க்கெட்டில் காய் விற்பவரைத் தெரிவதுபோல, அந்த இரண்டாம் வரிசை வயோலா அம்மா, தூங்குகிறாரோ என்று சந்தேகம் வரும்படி கண்ணை மூடியிருந்துவிட்டு அரை நொடி முன்னால் வில்லைத் தூக்கும் டபுள் பேஸ்காரர் என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு நம் மனதில் ஏறிவிடும். இசை 'புரிய' ஆரம்பிப்பது அதற்குப் பிறகுதான். நம் ஊரிலும் வித்வானைத் தெரிந்து வைத்துக்கொண்டுதானே ராகத்துக்கு வந்தோம்?

சென்னையில் சீசன் என்றால் மார்கழி, ஒரே மூச்சில் எல்லா சபாவும். இங்கே ஜூலையில் தொடங்கி அடுத்த மே வரைக்கும் நீள்கிறது. சில நாள் ஒத்திகை, ஒன்றிரண்டு கச்சேரி, அடுத்த வாரம் வேறு பாட்டு, சில சமயம் வேறு நடத்துநர். சீசன் அட்டவணை வந்ததும் என் மனைவி அதைப் பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிடுவாள். மகளுடைய பரீட்சை, தைப்பூசம், மாலர் என்ற இசையமைப்பாளரின் சிம்பொனி, எல்லாம் ஒரே சுவரில்.

இந்தக் குழு வந்த கதை எனக்குப் பிடிக்கும். ஜூரோங் தொழிற்பேட்டையைக் கொண்டுவந்த அதே கோ கெங் சுவீதான் சிங்கப்பூருக்கு ஒரு சிம்பொனிக் குழு வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர். பொருளாதார நிபுணர், பாதுகாப்பு அமைச்சராகவும் இருந்தவர். 1979 ஜனவரி 24 அன்று சிங்கப்பூர் கான்ஃபரன்ஸ் ஹாலில் 41 பேரோடு முதல் கச்சேரி. நடத்தியவர் சூ ஹோய், அவரே 1996 வரை இசை இயக்குநர். 1980-ல் விக்டோரியா கச்சேரி அரங்குக்கு மாறினார்கள். 2002-ல் எஸ்பிளனேடு திறந்ததும் பெரிய கச்சேரிகள் இங்கே வந்தன. 1997 முதல் 2019 வரை இசை இயக்குநர் லான் ஷுய். அவர் காலத்தில்தான் 2014-ல் லண்டன் பிபிசி ப்ராம்ஸ் இசை விழா மேடைவரை போனார்கள்.

உங்களுக்குத் தெரியாமலே இவர்களை நீங்கள் நூற்றுக்கணக்கான தடவை கேட்டிருப்பீர்கள். பள்ளியில் காலையில் தேசிய கீதம் போடுகிறார்களே, 2001-ல் வெளிவந்த அந்தப் பதிவை வாசித்தது இந்தக் குழுதான். அப்போதுதான் கீதத்தின் ஸ்ருதியை ஜி-யிலிருந்து எஃப்-க்கு, அதாவது ஐந்து கட்டையிலிருந்து நாலு கட்டைக்கு இறக்கினார்கள். என் மகளைப் பள்ளி வாசலில் விட்டுவிட்டு நிற்கும்போது அது காதில் விழுந்தால், இதில் சிம்பல்காரருக்குப் பரவாயில்லை, வேலை இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் பிளாக்கில் ஏழாவது மாடியில் ஒரு சீன ஆன்ட்டி. அக்கவுண்ட்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் லிஃப்டில் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ஜெபம் என்று நினைத்தேன். "ஜெர்மன்! ஞாபகம் நிற்க மாட்டேன் என்கிறது" என்றார். குழுவோடு சேர்ந்த கோரஸில் பாடுகிறாராம். 1980-ல் தொடங்கிய அந்தக் கோரஸில் பாடுபவர்கள் சம்பளத்துக்குப் பாடுபவர்கள் அல்ல. குரல் தேர்வு வைத்து எடுக்கிறார்கள், வேலை முடிந்து ஒத்திகைக்குப் போகிறார்கள். அப்போது பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனிக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். "எத்தனை நேரம் பாடணும் ஆன்ட்டி?" என்று கேட்டேன். "பாடுவது கொஞ்சம்தான். அதற்கு முன்னால் முக்கால் மணி நேரம் அசையாமல் உட்காரணும். எனக்கு முட்டி வலி, அதுதான் கஷ்டம்" என்றார். அந்தச் சிம்பொனியில் முதல் மூன்று பாகத்துக்குக் கோரஸுக்கு வேலையே இல்லை. இங்கேயும் ஒரு காத்திருப்பு! அன்று குடும்பத்தோடு போய் முன்பக்கம் உட்கார்ந்தோம். அவர்கள் மொத்தமாக எழுந்து நின்றபோது என் மகள் "அதோ நம்ம பிளாக் ஆன்ட்டி" என்று கத்திவிட்டாள். முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். பரவாயில்லை, பார்க்கட்டும்.

குழந்தைகள் இருந்தால் எஸ்பிளனேடை விட பொட்டானிக் கார்டன் நல்ல தொடக்கம். வருஷத்தில் சில தடவை அங்கே ஏரி நடுவில் இருக்கும் மேடையில் இலவசமாக வாசிக்கிறார்கள். பாயை எடுத்துக்கொண்டு போய்ப் புல்லில் விரித்துவிட வேண்டியதுதான். எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போன ஒரே குடும்பம் எங்களுடையதாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. காற்று அடித்தால் நோட்டுத் தாள் பறக்கும் என்று துணி காயப்போடும் கிளிப்பைக் கொண்டு ஸ்டாண்டில் கவ்விவைத்திருப்பார்கள். வயலினுக்கு ஈரம் ஆகாது. ஒரு தடவை தூறல் விழுந்ததும் முதலில் பெட்டிக்குள் போனது வயலின்கள்தான், குடை தேடியது அதற்குப் பிறகு. எல்லாரும் மரத்தடியில் ஒதுங்கி நின்றோம். கால் மணி நேரத்தில் மழை விட்டது, திரும்ப ஆரம்பித்தார்கள். ஓடியாடும் குழந்தைகளை யாரும் முறைக்க மாட்டார்கள். கொசு உண்டு.

விக்டோரியா அரங்கு சின்னது, 673 இருக்கைதான். பழைய கட்டடம், சிறு குழு வாசிக்கும்போது கிட்டத்திலிருந்து கேட்கலாம்.

சில நடைமுறை விஷயங்கள். பாகங்களுக்கு இடையில் கை தட்டுவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் தட்டினால் தட்டுங்கள். நம் சபா வழக்கப்படி தொடையில் தாளம் போட்டால் பக்கத்து இருக்கைக்குத் தொந்தரவு, 'பேஷ்' சொல்ல முடியாது. எனக்கு இது இன்றைக்கும் வருத்தம்தான். நல்ல சங்கதி வந்தால் வாயைத் திறக்காமல் இருப்பது ஒரு தண்டனை. இடைவேளை வரைக்கும் சேர்த்து வைத்துக்கொண்டு வெளியே வந்து மனைவியிடம் சொல்வேன். தாமதமாகப் போனால் பாட்டு முடியும்வரை வெளியே நிறுத்திவிடுவார்கள். ஓவர்டைம் முடிந்து ஓடிப்போய் நானும் நின்றிருக்கிறேன்.

டிக்கெட் விலை பயமுறுத்தாது. கடைசி விலைப் பிரிவு ஏறக்குறைய இரண்டு பிரியாணிக் காசு. மேடைக்குப் பின்பக்கம் கிடைத்தால் முதல் தடவை அங்கேயே எடுங்கள். ஆனால் தனிப் பாடகரோ பியானோவோ இருக்கும் நாளில் மட்டும் வேண்டாம். பாடகர் உங்களுக்கு முதுகைக் காட்டிப் பாடுவார், பியானோ மூடி ஓசையை எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். பிரெஞ்சு ஹார்னின் வாய் பின்பக்கம் பார்த்திருப்பதால் அது மட்டும் உங்கள் மடியில் வந்து விழும். த்வோர்ஷாக், சாய்கோவ்ஸ்கி, மாலர் பெயர் இருந்தால் யோசிக்காமல் வாங்கலாம். பின்வரிசையில் ஆட்கள் நிறைய, வேடிக்கைக்குக் குறைவிருக்காது.

எஸ்பிளனேடு ஸ்டேஷனில் இறங்கினால் நடை குறைவு. ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே ஏசி கொல்லும். த்வோர்ஷாக் ஒன்பதாவது போடுகிறார்கள் என்றால் சொல்லுங்கள், நானும் வருகிறேன். அந்த ஒற்றை உரசலை இதுவரை மூன்று தடவை பார்த்திருக்கிறேன், ஒரு தடவை கண் சிமிட்டித் தவறவிட்டேன்.