டேபிள் சாவில் அறுக்கும்போது பலகை ஏன் நம் மேல் பாய்கிறது?

டேபிள் சாவில், அதாவது மேசை நடுவே வட்ட பிளேடு சுழலும் ரம்பத்தில், நீளவாக்கில் அறுக்கும்போது பலகை திடீரென்று உங்கள் பக்கம் எகிறி வருகிறது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிளேடின் முன்பக்கப் பற்கள் பலகையை மேசையோடு அழுத்தி வெட்டும். பின்பக்கப் பற்களோ கீழிருந்து எழும்பி உங்களை நோக்கித் திரும்பும். அறுத்த வாய் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வினாலோ, ஃபென்ஸுக்கும் (பலகையை ஒட்டித் தள்ளும் பக்கச் சட்டம்) பிளேடுக்கும் நடுவில் பலகை கோணிக்கொண்டாலோ, அந்தப் பின்பற்கள் அதைத் தூக்கி எறிந்துவிடும். 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றினால் பல்லின் வேகம் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர். கையால் பிடித்து நிறுத்தலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

சரி, பிளேடுக்குப் பின்னால் நிற்கும் மெல்லிய தகடு, அதாவது ரைவிங் நைஃப், இருக்கிறதா? இடைஞ்சல் என்று பலர் கழற்றி மூலையில் போட்டுவிடுகிறார்கள். அறுத்த வாயை மூடவிடாமல் காப்பதே அதுதான். அப்புறம், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடின் முன்முனையிலும் பின்முனையிலும் ஃபென்ஸுக்கு உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். பின்னால் குறைந்தால் பலகை அங்கேதான் இறுகுகிறது.

பிளேடுக்கு நேராக நிற்காமல் சற்று ஒதுங்கி நில்லுங்கள். குறுகலான துண்டைத் தள்ளுகுச்சியால் தள்ளுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். கையுறை மட்டும் கூடாது, பல்லில் மாட்டினால் விரலையும் சேர்த்து இழுக்கும். பிளேடின் ஓரம் கிடக்கும் சிறு துண்டை எடுக்க, மோட்டாரை அணைத்து, சுற்று முழுதாக நிற்கும்வரை காத்திருங்கள்.