தைராய்டு மாத்திரை போட்டுக்கொண்டே குழந்தைக்கு முயற்சி செய்யலாமா?

ஹைப்போதைராய்டுக்கு, அதாவது தைராய்டு குறைவாகச் சுரப்பதற்கு, தினமும் மாத்திரை போடுகிறீர்கள், இப்போது குழந்தைக்கு முயற்சி செய்கிறீர்கள், மாத்திரை கருவுக்கு ஆகாது, நிறுத்திவிடு என்று மாமியார் சொல்கிறார், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்தாதீர்கள். சொல்லப்போனால் கர்ப்பமானதும் பெரும்பாலானவர்களுக்கு அதைக் கூட்டத்தான் வேண்டியிருக்கும். நான் டாக்டர் இல்லை, இதே மாத்திரையோடு ஒரு பெண்ணைப் பெற்றவள், அவ்வளவுதான். டோஸ் விஷயத்தில் கடைசி வார்த்தை உங்கள் டாக்டருடையது.

எல்ட்ராக்சினோ தைரோநார்மோ, உள்ளே இருப்பது லீவோதைராக்சின். நம் கழுத்துச் சுரப்பி சுரக்கவேண்டிய அதே ஹார்மோன்தான். குழந்தையின் தைராய்டு வேலையைத் தொடங்கவே 12 வாரம் போல ஆகும், முழுசாகக் கைகொடுக்க 18, 20 வாரம் ஆகிவிடும். அதுவரை மூளை வளர்ச்சிக்கு வேண்டியது அம்மாவின் ரத்தத்திலிருந்துதான் போகிறது. அந்த நேரத்தில் மாத்திரையை நிறுத்தினால் கரு கலையும் அபாயம்தான் கூடும். மாமியாரிடம் நீங்கள் வாதாட வேண்டாம், அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிப்போங்கள், டாக்டர் வாயால் கேட்டால் எடுபடும்.

முயற்சிக்கு முன்னால் டிஎஸ்ஹெச் எவ்வளவு என்று பாருங்கள், தைராய்டு ஹார்மோன் போதாவிட்டால் ஏறும் ரத்த டெஸ்ட் எண் அது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். என் ரிப்போர்ட்டில் 3.9 இருந்தது, பக்கத்தில் அச்சடித்திருந்த அளவுக்குள்தான் வந்தது, ஸ்டார் கிடையாது, தடித்த எழுத்து கிடையாது, லேப்காரர் "நார்மல்தான் மேடம்" என்றே கொடுத்தார். டாக்டர் பேனாவால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, சும்மா இருப்பவர்களுக்கு இது சரி, மாத்திரை போட்டுக்கொண்டு குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்களுக்கு 2.5-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று என் 50 மைக்ரோகிராம் டோஸை 62.5 ஆக்கினார். டோஸ் மாற்றினால் மறு டெஸ்ட் 6 வாரம் கழித்துத்தான், அதற்குமுன் எடுத்தால் எண் நிலைத்திருக்காது, பத்தாம் நாளே எடுத்துப் பயப்படுவதில் அர்த்தமில்லை. "என்ன, ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்கும் சொந்தக்காரர்கள் நடுவில் இந்த 6 வாரம் கடுப்புதான், ஆனால் வேறு வழியில்லை.

டோஸ் சரியாக இருந்தும் எண் இறங்கவில்லையா? சாப்பிடும் முறையைப் பாருங்கள். வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும், அப்புறம் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காபிகூடக் கூடாது. எனக்கு அதுதான் பெரிய சோதனை, அடுக்களையில் டிகாக்‌ஷன் வாசனை வரும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும், காலையில் எல்லாவற்றையும் ஒரே வாயில் போட்டு விழுங்கினால் தைராய்டு மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. கர்ப்பத்துக்கு முன்பே ஃபோலிக் ஆசிட் தொடங்கச் சொல்வார்கள், அதோடு இரும்பும் கலந்திருக்கிறதா என்று அட்டையைப் படியுங்கள். முடி கொட்டுவதற்கு பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள், அது டிஎஸ்ஹெச் எண்ணைக் குறைத்துக் காட்டக்கூடும்.

உப்பு பற்றியும் ஒரு வார்த்தை. ஆரோக்கியம் என்று இந்துப்புக்கு மாறியவர்கள் கர்ப்பம் முடியும்வரையாவது அயோடின் சேர்த்த உப்புக்குத் திரும்புங்கள். முட்டைகோஸ், காலிஃபிளவரை வேகவைத்து அளவாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. தைராய்டை வேரோடு குணமாக்கும் என்று வாட்ஸ்அப்பில் வரும் பொடியைத் தொடவே தொடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், கார்டில் இரண்டு கோடு வந்த அன்று என்ன செய்வது என்பதை முன்கூட்டியே கேட்டு வைப்பது. முதல் ஸ்கேனுக்கு ஏழு, எட்டு வாரம் ஆகட்டும் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள், மாத்திரையைக் கூட்டும் விஷயம் அதுவரை காத்திருக்கக் கூடாது. என் சீட்டில் டாக்டர் முன்பே எழுதியிருந்தார்: பாசிட்டிவ் என்றால் வியாழனும் ஞாயிறும் இரண்டு மாத்திரை, மற்ற நாள் ஒன்று, உடனே டிஎஸ்ஹெச் எடுத்து வா. வாரத்துக்கு ஏழு என்பது ஒன்பதாகிறது, பல டாக்டர்கள் சொல்லும் கணக்கு இது. உங்களுக்கும் இது பொருந்துமா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், நீங்களாகக் கூட்டாதீர்கள். பிறகு பாதிக் கர்ப்பம் வரை 4 வாரத்துக்கு ஒரு முறை டெஸ்ட், 30 வாரம் போல இன்னொன்று.

பிரசவம் ஆனதும் டோஸை பழைய அளவுக்குக் குறைப்பார்கள், 6 வாரத்தில் ஒரு டெஸ்ட். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். பிறந்த குழந்தைக்கும் சில நாளுக்குள் குதிகாலில் ரத்தம் எடுத்து தைராய்டு பார்ப்பது உண்டு, உங்கள் ஆஸ்பத்திரியில் அது வழக்கமில்லை என்றால் நீங்களே கேட்டுச் செய்யச் சொல்லுங்கள்.